கொன்ட்ரோல் அண்ணையின் பாதி மருந்து

அடுத்தவன் காயத்தைக் கண்டு ஆனந்தக் கூத்தாடிய ஒரே மனிதர் இந்தப் பூலோகத்தில் எங்கள் கொன்ட்ரோல் அண்ணைதான்.

வெள்ளவத்தைப் போர்டிங்கில் அவர் எனக்குப் பக்கத்துக் கட்டில். தோல் எப்படி ஆறுகிறது என்று ஆய்வுகூடமொன்றில் ஆராய்வது அவருடைய உத்தியோகம். எங்கே காயத்தைக் கண்டாலும், துடைத்த பொலித்தீன் தாளை அதன்மேல் விரித்து, பேனையால் ஓரத்தை வரைந்துவிடுவார். நாளுக்கு நாள் அது எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். பாதிக்கு மருந்து பூசுவார். ஒப்பிட்டுப் பார்க்க மற்றப் பாதியைச் சும்மா விடுவார். அதற்குப் பெயர்தான் கொன்ட்ரோல்.

போர்டிங் அன்ரியின் கையில் சுடுதண்ணீர் ஊற்றுப்பட்டபோதும் பாதிதான் பூசினார்.

"மற்றப் பாதி என்ன பாவம் செய்தது, தம்பி?"

"அது கொன்ட்ரோல், அன்ரி."

அன்றிரவு அவருடைய இடியப்பத்தில் பாதிக்குத்தான் சொதி விழுந்தது. "மற்றது கொன்ட்ரோல்," என்றார் அன்ரி. அண்ணை அதையும் ரசித்துச் சாப்பிட்டார்.

ஆனால் அவருக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. ஒரே ஆளில், ஒரே அளவில் இரண்டு காயம் வேண்டும். அதில் அவருடைய களிம்பு வென்றால்தான் வேலை நிரந்தரமாகும். ஊரிலிருந்து மனைவியையும் மகளையும் கூட்டி வரலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் காலி வீதியில் கண்டக்டர் "பஹின்ன, பஹின்ன!" என்று சிங்களத்தில் இறங்கச் சொல்லி விரட்ட, பஸ் நிற்கமுன் நான் இறங்கினேன். இரண்டு முழங்காலும் தேய்ந்தன.

"ஐயோ, ரெண்டும் ஒரே அளவடா! உன்னைக் கடவுள்தான் தள்ளி விட்டவர்!" அண்ணை என் கட்டிலைச் சுற்றி ஆடினார். இடதுக்குக் களிம்பு, வலதுக்கு ஒன்றுமில்லை.

இடது முழங்கால் சமத்தாக ஆறியது. வலது வீங்கிச் சிவந்து, நான் முனகத் தொடங்கினேன். ஆராய்ச்சி ஜெயித்துக்கொண்டிருந்தது. அண்ணையோ களிம்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுமாப்போல் இருந்தார். பிறகு திடீரென்று மூடியைத் திறந்தார்.

"பூசாதையுங்கோ அண்ணை! உங்கடை வேலை?"

"வாயைப் பொத்திக்கொண்டு காலை நீட்டடா."

வலது முழங்காலிலும் களிம்பு ஏற, ஆராய்ச்சி அந்த நிமிடமே பாழாய்ப் போனது. மறுநாள் காலையும் பொலித்தீனோடு வந்து குந்தினார்.

"இனி ஏன் அண்ணை அளக்கிறியள்?"

"விசரா, உனக்குக் காயம் மாறுதோ எண்டு பார்க்க வேண்டாமே?"

அவரைப்போல் ஓர் அண்ணன் எனக்குக் கூடப்பிறக்கவில்லை.