ரோபோவைக் கிள்ளியவன்

எனக்குப் பொறாமை அதிகம். மனிதர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் மனித இயல்பு என்று பூசி மெழுகிவிடலாம். நான் ஒரு ரோபோவைப் பார்த்து வயிறெரிந்தவன்.

ஒரகடத்தில் கார் பம்பர் செய்யும் கம்பெனி ஒன்றில் அப்போது நான் கான்ட்ராக்ட் ஆள். இருங்காட்டுக்கோட்டையில் என்னோடு ஒரே ரூமில் தங்கியிருந்த அற்புதராஜும் அப்படியே. பெர்மனென்ட் இடம் ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. எனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்த சுங்குவார்சத்திரத்துக்காரர், "பெர்மனென்ட் ஆவட்டும், அப்பால தேதி பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். ஆக, அந்த ஒரு இடத்தில்தான் என் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, சோதனைக்காக ஒரு ரோபோ கை வந்து இறங்கியது. இரும்புக்கு மேல் மெத்தென்று ரப்பர் மாதிரி ஒரு தோல். அதில் கீறல் விழுந்தால் எங்கே, எவ்வளவு ஆழம் என்று அதுவே கண்டுபிடித்து நின்றுவிடும். சில மணி நேரத்தில் காயம் தானாக ஒட்டிக்கொள்ளும், மறுபடி வேலை செய்யும். (நான் விரலைக் கிழித்துக்கொண்டபோது சூப்பர்வைசர் ஒரு பிளாஸ்திரியை நீட்டி, "லைன் நிக்கக் கூடாது" என்றார்.) அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அற்புதராஜுக்கு. அப்புறம் பெர்மனென்ட் யாருக்கு என்று ஜோசியரிடமா கேட்க வேண்டும்?

ரூமுக்கு வந்தும் அவனுக்கு அதே பேச்சு.

"பாவம் மச்சான், இன்னிக்கு முழங்கைல லேசா ஒரசிக்கிச்சு. மத்தியானமே ஆறிடுச்சு."

எனக்குக் காய்ச்சல் வந்த மூன்று நாளும் இவன் ஒரு வார்த்தை விசாரித்தவன் இல்லை. (விசாரித்தான். கஞ்சிகூட வாங்கி வந்தான். பொறாமை பிடித்தவனுக்கு அதெல்லாம் நினைவுக்கு வராது.)

பெரிய அதிகாரிகள் ரோபோவைப் பார்க்க வரும் நாள் வந்தது. அவர்கள் முன்னால் அற்புதராஜ் பிளேடால் தோலைக் கீறி, அது ஆறுவதைக் காட்ட வேண்டும். காலையில் அவன் டீ குடிக்கப் போன இடைவெளியில் நான் அதன் பக்கத்தில் போய் நின்றேன். முழங்கைக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடமாகப் பார்த்து, பலம் முழுவதையும் திரட்டி ஒரு கிள்ளு கிள்ளினேன். காயம் ஆறாமல் போய் அவன் மானமும் போகட்டும் என்பது திட்டம்.

அடிபட்டால் கண்டுபிடிப்பதுதான் அதன் வேலையே என்பது இந்த மேதைக்கு உறைக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. பீப் பீப் என்று அலறியது. பக்கத்துத் திரையில் கையின் படம் வந்தது. முழங்கையில் எதிரெதிராக இரண்டு பிறைகள், ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

இங்கே என் நகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பம்பர் மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் ஷீட்டை உரிப்பது என் வேலை. அதற்காகவே வலது கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்து வைத்திருந்தேன். எங்காவது ஷீட் உரியாமல் அடம்பிடித்தால், "நகத்தக் கூப்புடு" என்றுதான் லைனில் சத்தம் கேட்கும்.

சூப்பர்வைசர் வந்து திரையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அவர் பின்னாலேயே அதிகாரிகள்.

"இன்னாப்பா இது?" என்றார் சூப்பர்வைசர்.

அற்புதராஜ் டீக் கப்போடு ஓடி வந்தான். ஒரே பார்வையில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"நான்தான் சார் கிள்ளச் சொன்னேன். பிளேடுன்னா முன்னாடியே ரெடி பண்ணி வச்சிக்கிறோம்னு நெனப்பாங்க. நகம்னா நேச்சுரலா கீது."

அதிகாரி ஒருவருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. "எங்க, இன்னொரு தடவை கிள்ளுங்க, பார்க்கலாம்" என்றார். மொத்த லைனும் வேடிக்கை பார்க்க, குனிந்த தலையோடு கிள்ளினேன். இன்னும் இரண்டு பிறைகள். கைதட்டினார்கள். பூமி பிளந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

மத்தியானத்துக்குள் தோல் ஒட்டிக்கொண்டது. பெர்மனென்ட் அற்புதராஜுக்குப் போனது. எனக்குக் கிடைக்க இன்னும் ஒரு வருடம் ஆனது. அதுவரை காத்திருக்கும்படி பெண் வீட்டில் போய்ப் பேசியதும் அவன்தான். தாமதத்துக்குக் காரணம் என்ன என்பதையும் விளக்கமாகச் சொல்லிவிட்டு வந்தான்.

அதனால் இன்றும் பக்கத்து வீட்டில் புது பைக் வந்தால், நான் ஜன்னலோரம் போவதற்குள் என் மனைவி நகவெட்டியை எடுத்து மேஜையில் வைத்துவிடுகிறாள்.

போன மாதம் அற்புதராஜுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனோம். குழந்தையை என் கையில் கொடுப்பதற்கு முன் என் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"கோச்சிக்காத மச்சான்," என்றான். "இதுக்குத் தானா ஒட்டிக்காது."