நல்ல நேரத்தில் விழுந்த எம்சிபிகள்

இன்ஜினியரிங் முடித்த புதிதில் யாரையும் கரண்ட் பேனல் போர்டு பக்கம் தனியாக விடக்கூடாது. அதிலும் சொந்தக்காரர் பேனல் என்றால் விடவே கூடாது.

ஜலகண்டாபுரத்தில் மாமா எட்டு விசைத்தறியோடு புது ஷெட் போட்டார். வெளியாளுக்குக் கொடுக்கச் சொன்ன அத்தனை பேரையும் மீறி, பேனல் வேலையை எனக்குக் கொடுத்தார். என் முதல் ஆர்டர். ஓடினால் அந்தத் தெருவே எனக்கு. சொதப்பினால் அப்பா சொல்லிக்கொண்டிருந்த வங்கிப் பரீட்சை.

ஒவ்வொரு தறி மோட்டாருக்கும் ஒரு எம்சிபி வேண்டும் (கரண்ட் எகிறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் குட்டி சுவிட்ச்). அதில் பி வகை கொஞ்சம் எகிறினாலே விழுந்துவிடும். டி வகை பொறுமைசாலி. மாமாவுக்கு உச்சபட்சப் பாதுகாப்பு தரவேண்டாமா? எல்லாமே பி வகையாக வாங்கி மாட்டினேன். மோட்டார் கிளம்பும் நொடியில் ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். (எழுதியதோடு சரி.) ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்றால், நல்ல நேரத்துக்கு முன்னால் தறி ஓடக்கூடாது என்று அத்தை தடுத்துவிட்டார்.

திறப்பு விழாவன்று சொந்தங்கள் ஆளுக்கொரு தறி சுவிட்சில் கைவைத்து நின்றார்கள். மாமா கற்பூரம் காட்டி, "போடுங்க!" என்றார்.

டக். எட்டு எம்சிபியும் விழுந்தன. தூக்கிவிட்டேன். மறுபடி விழுந்தன. நானும் எங்காவது விழுந்துவிடலாம் போலிருந்தது.

"ஏஞ்சாமி, கரண்டு இல்லியா?" என்றார் மாமா.

"இருக்குதுங்க மாமா. மோட்டாரு பாதுகாப்பா இருக்குதுங்க."

"அப்ப தறி?"

"அதுவும் பாதுகாப்பாத்தானுங்க இருக்குது."

நல்ல நேரம் முடியப்போகிறது. மாமா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அத்தை முந்தானையை இடுப்பில் செருகினார்.

"கையில சுத்துனா ஓடாதுங்களா? ஆளுக்கொரு தறிச் சக்கரத்தப் புடிங்க!"

பட்டுப்புடவைகளும் வெள்ளை வேட்டிகளும் மூச்சு வாங்கச் சக்கரம் சுற்ற, எட்டுத் தறியிலும் விரற்கடை துணி நெய்தாகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதுகொண்டே சேலத்துக்கு ஸ்கூட்டியை விரட்டி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு கடையில் டி வகை வாங்கி வந்து மாட்டினேன். சாயங்காலம் தறிகள் ஒன்றாகக் கிளம்பின. அந்தச் சத்தத்தில் மாமா சொன்னது கேட்கவில்லை. என் தலையில் கைவைத்தது மட்டும் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த இரைச்சலையும் கேட்டதில்லை.

இன்று அந்தத் தெருவில் பாதி பேனல்கள் என்னுடையவை. எதுவும் வீணாக விழுவதில்லை. ஆனாலும் சொந்தத்தில் யார் ஷெட் திறந்தாலும், சுவிட்சைத் தொடும் முன் ஆளுக்கொரு சக்கரத்தைக் கையால் சுற்றுகிறார்கள். போன மாதம் புது மாப்பிள்ளை ஒருவர் காரணம் கேட்டார்.

"அது எங்க குல வழக்கமுங்க மாப்ள. தலமொற தலமொறயா நடக்குதுங்க" என்றார் அத்தை, என் பக்கமே திரும்பாமல்.

நானும் பயபக்தியோடு ஒரு சக்கரத்தைச் சுற்றினேன்.