கணிகருவிக்கு நினைவு கூட்டிய படலம்

மறவாமை வேண்டுவார் வந்தடையும் யானைத்
திறவோன் கழலே துணை.

காப்புச் செய்யுள் இல்லாமல் நான் எதையும் தொடங்குவதில்லை. (கடைக்குக் கொடுத்துவிடும் சாமான் துண்டிலும் பிள்ளையார் சுழி இருக்கும்.) ஆயினும் மறதிக்கு எதிராகவே ஒரு காப்பு இயற்றும் நிலைக்கு நான் வந்ததற்குக் காரணம் உண்டு. பதிகங்கள் பலவற்றை ஏடு பாராமல் ஓதும் நான், ஒரு மனிதரின் உயிர் பிரிந்த நிமிடத்தை மனத்தில் வைக்க மாட்டாமல் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தேன். பின்னர் அந்த இயந்திரத்தையும் மறக்கச் செய்தேன்.

நில அளவையாளனாக இருந்த காலத்தில் வாங்கிய கல்குலேட்டர் அது. செய்நிரல் எழுதிக் கொடுத்தால் அதன்படி தானே கணக்கிடும். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தபோது காணி உறுதிப் பத்திரங்களை வீட்டில் விட்டுவிட்டு இதனை மடியில் கட்டிக்கொண்டு நடந்தேன். (மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.) ஓய்வுபெற்ற பின் அதற்குத் திதி கணிக்கக் கற்பித்தேன். எங்கள் கோப்பாயில் பஞ்சாங்கம் இரண்டு, அவை பற்றிய வழக்கு இருநூறு. இவற்றுக்கு நடுவே என் கல்குலேட்டர் நடுவராக வீற்றிருந்தது.

அதற்கு ஒரே குறை, நினைவகம் சிறிது. சந்திரனின் நடையை நுட்பமாகக் கணிக்கும் நீண்ட செய்நிரலை ஏற்றினால், உறவினர் மறைந்த நேரங்களின் பட்டியலுக்கு இடமில்லை. பட்டியலை வைத்திருந்தால் சந்திரனுக்கு இடமில்லை; திதியை ஏறத்தாழச் சொல்லும் குறுஞ்செய்நிரல் மட்டும் உடன் இருக்கும்.

ஓர் ஐப்பசியில் என் சகலன், அதாவது மனைவியின் அக்காவைக் கைப்பிடித்தவர், புத்தூரில் ஒரு விடியற்புறத்தில் சிவபதம் அடைந்தார். எல்லோரும் அழுதார்கள். நான் மாத்திரம் மணியையும் நிமிடத்தையும் கல்குலேட்டரில் பதிந்துகொண்டிருந்தேன். (துக்கத்தில் யாருக்கோ ரெலிபோன் எடுக்கிறேன் என்று நினைத்தார்களாம். உண்மையில் லண்டனில் இருக்கும் அவர் மகள் வதனிக்கு நான் அறிவித்தது நன்றாக விடிந்த பிறகுதான்.) அந்த விடியற்புறத்திலேதான் ஏகாதசி முடிந்து துவாதசி பிறந்தது. எத்தனை மணிக்குப் பிறந்தது என்பதில் இரண்டு பஞ்சாங்கங்களும் முகம் பாராமல் நின்றன.

ஓராண்டு நிறைவில் வரும் ஆட்டைத் திவசம் நெருங்கியது. உயிர் பிரிந்த நிமிடத்தில் நின்ற திதியிலேதான் அதைச் செய்ய வேண்டும். சகலனின் மனைவியான மச்சாளுக்குக் கவலை ஒன்றே. சகலன் உயிரோடு இருந்த நாளில் மத்தியானச் சாப்பாடு கால்மணி பிந்தினால் வேலிப் படலையைத் திறந்துகொண்டு போய்விடுவார்.

"பிழையான நாளிலை படைச்சால் அந்த மனிசன் வந்து பார்த்திட்டுப் பசியோடை திரும்பிப் போயிடும். நீங்கள்தான் சரியாச் சொல்லவேணும்" என்றார் மச்சாள். நானும் ஆவணிக்குள் தீர்ப்புத் தருவதாக வாக்களித்தேன்.

பட்டியலும் சந்திரனும் ஒன்றாக உள்ளே இருந்தால்தான் தீர்ப்புக் கிடைக்கும். அதற்குக் கூடுதல் நினைவகப் பலகை வேண்டும். பழைய கல்குலேட்டர்களைப் பேணும் ஒருவரிடம் வதனி அதனைத் தேடிப் பிடித்து அனுப்பிவைத்தாள். "இதெல்லாம் இப்ப போனிலையே பார்க்கலாம் சித்தப்பா" என்று ஒரு வார்த்தையும் சொன்னாள். அதற்கு நான் ஆற்றிய மறுப்புரையின் நடுவிலே இணைப்புத் துண்டிக்கப்பட்டது. (அவள்தான் துண்டித்திருப்பாள்.)

ஆவணி வளர்பிறைப் பஞ்சமியும் சுவாதி நட்சத்திரமும் கூடிய வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை முதல் பத்தரை வரை சுபவேளை என்று அந்தக் கல்குலேட்டரைக் கொண்டே குறித்தேன். மீன்பிடிப் படகுகளின் றேடியோ திருத்தும் அன்ரன் குருநகரிலிருந்து பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். கருவியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். பலகைக்குரிய இடம் பற்றரிகளின் அடியில் இருந்தது. பற்றரிகளைக் கழற்றினால், உள்ளே சிறிது மின்னைத் தேக்கி வைத்திருக்கும் கப்பாசிற்றர் மூன்று நான்கு நிமிடம் மட்டுமே நினைவகத்தைத் தாங்கும். அதற்குள் பலகையை இட்டுப் பற்றரிகளையும் மீண்டும் போட்டுவிட வேண்டும்.

"எதுக்கும் உள்ளுக்கை இருக்கிறதைக் கடுதாசியிலை எழுதி வைச்சிருக்கிறீங்களோ, ஐயா?"

"கடுதாசியைக் கறையான் தின்னும், அன்ரன்" என்றேன் நான்.

அவர் திருகாணிச்சாவியை எடுத்தார். நான் தடுத்தேன். சுபகருமத்தைப் பதிகம் பாடாமல் தொடங்கலாமா? பதினொரு பாட்டையும் பண்ணோடு பாடினேன். ஐந்தாம் பாட்டில் குரல் கொஞ்சம் வழுக்கியது, ஆதலால் அதனை இரண்டாம் முறையும் பாடினேன். கத்தோலிக்கரான அன்ரன் திருகாணிச்சாவியோடு கைகட்டி நின்றார். பாடி முடித்துத் திருநீறு பூசி, தொடங்கலாம் என்றேன். அவர் மூடியைத் திறந்து, பற்றரிகளை எடுத்து மேசையில் வைத்து, பலகையைக் கையில் எடுக்கவும் சுவர் மணிக்கூட்டில் பத்தரை அடிக்கவும் சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இராகுகாலம் தொடங்கும் என்பது யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கும் தெரியும். நான் அன்ரனின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"பொறும். பன்னிரண்டு மணிக்குப் போடுவம்."

"ஐயா, அதுக்கு அவ்வளவு நேரம் இல்லை."

"இராகுகாலத்திலை புதிதாக ஒன்றைச் சேர்க்கிறதில்லை."

"எனக்கு உங்கடை ராகுவைத் தெரியாது ஐயா. கப்பாசிற்றரைத் தெரியும்."

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, அந்த மனிசன் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோவன்."

கேட்டிருக்கலாம். மாறாக, இராகு அமுதத்தைக் களவாக உண்டதையும் தலை வெட்டுண்டதையும் இருவருக்கும் விளக்கத் தலைப்பட்டேன். விளக்கி முடிக்க ஆறு நிமிடம் ஆயிற்று. அதன் பின் அன்ரன் பலகையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "இனி ஆறுதலாப் போடலாம்" என்றார். ஒன்றரை மணி நேரம் ரீயும் வடையுமாக, செத்தவீட்டுக்கு வந்தவர் போல அடக்கமாக இருந்தார். நான் இடையிடையே இறைவன் காப்பான் என்றேன். ஐந்தொழில்களில் காத்தல் ஒன்று மட்டும்தான், அழித்தலும் மறைத்தலும் வேறாக உள்ளன என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை.

பன்னிரண்டு மணிக்குப் பலகை ஏறியது. திரை ஒளிர்ந்தது. முன்னிலும் நான்கு மடங்கு இடம் உண்டு என்று கருவி பெருமையோடு காட்டியது. அந்த இடத்தில் சந்திரனும் இல்லை, சகலனும் இல்லை.

"இடம் நிறையக் கிடக்கு ஐயா" என்றார் அன்ரன். "இனி என்னத்தைப் போடப்போறீங்கள்?"

அதற்கு விடை தேடுகையில் ரெலிபோன் அடித்தது. மச்சாள்தான். அவருக்கு நான் நினைவகத்தின் இயல்பு, மின்னேற்றத்தின் இயல்பு, கிரகங்களின் இயல்பு ஆகியவற்றை முறையாக எடுத்துரைத்தேன்.

"நேரம் போச்சுதோ?" என்று கடைசியில் கேட்டார்.

"ஓம்" என்றேன். அன்று நான் சுருக்கமாகப் பேசியது அந்த ஒரு சொல்தான்.

சந்திரனின் செய்நிரலை மறுபடி எழுதலாம். அந்த நிமிடத்தை எங்கிருந்து எழுதுவது? மரணச் சான்றிதழில் நாள் மாத்திரமே இருந்தது. கட்டிலைச் சுற்றி அழுதவர்களில் ஒருவர்கூட மணிக்கூட்டைப் பார்த்திருக்கவில்லை. பார்த்தவன் நான் ஒருவனே. எனக்கோ, அழுத்திய விரல் நினைவிருந்தது, அழுத்திய எண் நினைவில்லை.

மச்சாள் அழவில்லை, என்னை ஏசவும் இல்லை. (ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.) "அப்ப ரெண்டு நாளும் படைப்பம். எப்பிடியும் ஒரு நாள் சாப்பிட்டிட்டுப் போகட்டும்" என்றார்.

அப்படியே ஏகாதசி வழியில் ஒரு நாளும், துவாதசி வழியில் மறுநாளும் படையல் நடந்தது. இனி ஒவ்வோர் ஐப்பசியும் அப்படித்தான் என்று தீர்மானமாயிற்று. முதல் நாளைச் சகலனின் திவசம் என்றும் மறுநாளைக் கல்குலேட்டர் திவசம் என்றும் உறவினர் அழைக்கின்றனர். வதனி இரண்டுக்குமாக லீவு கேட்டபோது, இறந்தவர் இருவரா என்று வேலையிடத்தில் விசாரித்தார்களாம். இரண்டாம் நாள் வாழையிலையின் முன்னே அமரும்போது எனக்கு மாத்திரம் மச்சாள் தம் கையால் பாயாசம் வார்ப்பார். "வடிவாச் சாப்பிடுங்கோ. இது உங்கடை திவசமெல்லே" என்பார்.

இதனை வாசித்தோர் யாவரும், தம்மை மறவாத உறவும், பிந்தாத உணவும், பக்கத்தில் நிற்பவர் சொல் கேட்கும் செவியும் பெற்று நீடு வாழ்வாராக.