சுண்டலுக்கு டிக்கெட் கேட்டவர்

ஸ்ரீரங்கத்தில் சுண்டலுக்கு டிக்கெட் கேட்ட ஒரே மனிதர் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் டி.டி.ஆர். சார்தான். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, பரிசோதனை ஓயவில்லை. காய்கறிப் பையோடு வருகிறவரைக்கூட மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் லிஃப்டில் ஏற விடுவார்.

இரண்டாம் மாடி யாழினிக்கு நான்கு வயது. வேர்க்கடலை ஆகாது. முந்தைய வருடம் நவராத்திரி இரண்டாம் நாள், யாரோ அன்பாக ஊட்டிய ஒரே ஒரு கடலையில் உதடு வீங்கி, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதனால் இந்த முறை எந்தக் கொலுவுக்கும் அனுப்புவதில்லை என்று அவள் அம்மா கவிதா முடிவு கட்டிவிட்டாள். புதுப் பட்டுப்பாவாடையோடு யாழினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டி.டி.ஆருக்குப் பொறுக்கவில்லை.

"பாப்பாவைக் கூட்டிட்டு வாம்மா. நான் செக் பண்ணாம ஒரு பருப்பு உள்ள போகாது."

லிஃப்ட் பக்கத்தில் பட்டியல் ஒட்டினார்: எந்தக் கிழமை, எந்த வீடு, என்ன சுண்டல். மாலை சரியாக ஐந்தரைக்கு, வேட்டிமேல் பழைய கறுப்புக் கோட்டோடு அடுப்படிவரை போய், எண்ணெய் பாக்கெட்டைக்கூடப் புரட்டிப் படிப்பார். அவர் கைகாட்டிய பிறகுதான், பையில் மருந்தோடு கவிதாவும் யாழினியும் உள்ளே வருவார்கள். மூன்று நாள் வண்டி ஒழுங்காக ஓடியது.

நான்காம் நாள், ஞாயிறு, முதல் மாடி ஜானகி மாமி வீடு.

"பெரியவாளுக்கு வேர்க்கடலை. கொழந்தைக்குன்னு தனியா பச்சைப்பயறு பண்ணியிருக்கேன்" என்றாள் மாமி, பெருமையாக.

"கரண்டி ரெண்டா மாமி?" என்றார் டி.டி.ஆர்.

"கரண்டி ஒண்ணுதான். ஒரு கிளறுதானே கிளறினேன்!"

"போன வருஷமும் ஒரு கடலைதானே மாமி? வேண்டாங்க."

"எங்காத்துச் சுண்டலையே இறக்கி விடறேளா?"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. படியில் யாழினி அழுதாள். "போதும் சார், இனிமே வரலை" என்றாள் கவிதா.

மறுநாள் பதினோரு மணிக்கு அவர் வீட்டு அழைப்பு மணி அடித்தது. வாசலில் மாமி. கையில் புது வாணலி, புதுக் கரண்டி.

"ஸ்டிக்கர்கூடக் கிழிக்கலை. ஆத்துல ஒரு கடலை கிடையாது. வந்து பாத்துக்கோங்கோ!"

அன்று மாலை கவிதா அரைமனதோடுதான் வந்தாள். யாழினி கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "இன்னும்!" என்று நீட்டினாள். டி.டி.ஆர். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. அரை மணி நேரம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமி அவருக்குக் கொடுத்த சுண்டல் அவர் கையிலேயே ஆறிப்போனது.