கே.கே. நகரில் ஒரு கடல்

மதுரைக்குக் கடல் கொண்டுவந்த ஒரே மனிதர் எங்கள் ரிப்போர்ட் அண்ணன்தான். பாண்டிய மன்னர்கள் யாரும் செய்யாத காரியத்தை, கே.கே. நகரில் எங்கள் பக்கத்து வீட்டு ஹாலில், நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் அவர் செய்து முடித்தார். உள்ளே உப்புத் தண்ணீர், பாறை, பவளம், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி மீன், ஒரு நத்தை. அவ்வளவுதான் ஜனத்தொகை. ஆனால் அந்த வீட்டில் மனிதர்களுக்கு இரண்டாம் இடம்தான்.

அவர் காளவாசல் பக்கம் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்பவர். பகலெல்லாம் ஊரார் ரத்தம், சாயங்காலம் வீட்டில் கடல் தண்ணீர். சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கால்சியம் இவ்வளவு, நைட்ரேட் இவ்வளவு என்று தினமும் ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடுவார். அதனால்தான் ரிப்போர்ட் அண்ணன். என் மாமனாரின் சர்க்கரை அளவு என்னவென்று ஒருமுறை போனில் கேட்டேன். நைட்ரேட் அளவைச் சொல்லிவிட்டு, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்.

எங்கள் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் சூடாகிவிடக் கூடாது என்று ஹாலுக்கு ஏ.சி. போட்டார். அவர் மனைவி, எங்கள் மதினி, அடுப்படியில் வியர்வையில் குளித்துக்கொண்டிருப்பார். ஆர்.ஓ. மெஷின் தண்ணீர் தொட்டிக்கு, லாரித் தண்ணீர் குடும்பத்துக்கு. கொசு மருந்து அடிக்கக் கூடாது, ஊதுபத்தி ஏற்றக் கூடாது, மீனுக்கு ஆகாதாம். சாமி மணியோசையோடு திருப்திப்பட்டுக்கொண்டது. பவளம் வாங்கிய பில்லை லேமினேட் செய்து கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். கடலில் இருந்து திருடியதல்ல, பண்ணையில் முறையாக வளர்த்தது என்று வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார். காபி அதற்குப் பிறகுதான்.

ஒருமுறை கல்யாணப் பத்திரிகை வைக்கத் திருமங்கலத்திலிருந்து அவர் சித்தப்பா வந்தார். நல்ல வெயில். வாசலில் நீல டிரம்மில் தண்ணீரைப் பார்த்ததும் ஒரு செம்பு மொண்டு மடமடவென்று குடித்துவிட்டார். அது தொட்டிக்கு மாற்றுவதற்காகக் கடல் உப்பு கலந்து வைத்த தண்ணீர். பெரியவர் கண் பிதுங்கி இருமிக்கொண்டிருக்கிறார். அண்ணன் ஓடி வந்து முதுகைத் தடவியபடி, ஆவலோடு கேட்டார்.

"சித்தப்பா, உப்பு கரெக்டா இருக்கா?"

இப்படிப்பட்ட மனிதருக்குப் போன மே மாதம் நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். மதினி கூடவே இருக்க வேண்டியதாயிற்று. எனக்குப் பள்ளிக்கூடம் லீவு என்பதால் வீட்டுச் சாவி என் கைக்கு வந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே என் கையைப் பிடித்து அவர் சொன்னது தொட்டியைப் பற்றி மட்டும்தான். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி, அதற்கு மேல் போடக் கூடாது, தினமும் காலையில் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு அவருக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது என்றார்.

இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால், தொட்டி முழுக்கத் தண்ணீர் நீர்மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பவளமெல்லாம் சுருங்கிவிட்டது. மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இந்த மீன்கள் போனால் மனுஷன் தாங்குவாரா என்பதுதான் எனக்கிருந்த ஒரே பயம். அந்த நேரம் பார்த்து போனில் "போட்டோ?" என்று வந்து விழுந்தது.

பிள்ளைகளுக்கு நேர்மை சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் நான். முந்தின நாள் எடுத்து அனுப்பாமல் வைத்திருந்த இன்னொரு போட்டோவை அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் போன் அடித்தது.

"மாப்ள, இது நேத்து எடுத்தது."

"இல்லண்ணே, இப்பத்தேன்..."

"நத்தை நேத்து இருந்த எடத்துலயே இருக்கு. அது ராத்திரியெல்லாம் நடக்குற சென்மம். உள்ளத சொல்லு."

சொல்லிவிட்டேன். எதிர்முனையில் ஏதோ மெஷின் கீக் கீக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவர் குரலோ லேபில் உட்கார்ந்து பேசுகிற குரலாகவே இருந்தது. யாராவது உள்ளே என்னத்தையாவது போட்டார்களா, கோபப்பட மாட்டேன், தெரிந்தால்தான் வைத்தியம் சொல்ல முடியும் என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். என் சத்தம் கேட்டு அதற்குள் மூன்று பேர் ஹாலுக்கு வந்திருந்தார்கள்.

முதலில் என் மனைவி செல்வி. அண்ணன் குணமாக வேண்டும் என்று, தெப்பக்குளத்து மீனுக்குப் போடுவதைப் போல ஒரு கைப்பிடி பொரி போட்டாளாம். அடுத்து, தெரு முனையில் அயர்ன் வண்டி வைத்திருக்கும் பாண்டி. வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் வாயில்லா சீவன் பசியோடு கிடக்கக் கூடாதென்று பன்னைப் பிய்த்துப் போட்டானாம். அந்த ஒரு சிட்டிகையைப் பார்த்து எனக்கே மனசு கேட்காமல் இரண்டு தடவை நானும் கூடுதலாகப் போட்டிருந்தேன். சாவியை எங்கள் வீட்டு ஆணியில் மாட்டி வைத்ததால், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தருமம் செய்திருக்கிறோம்.

கடைசியாக எதிர்வீட்டு மாமி. அவர் கணவர் கோயில் குருக்கள். மாமி முந்தானையைத் திருகிக்கொண்டே போன் பக்கம் குனிந்தார்.

"நான் வெல்லம் கரைச்சேன்டாப்பா. வெல்லம் கரையறாப்ல உன் நெஞ்சு அடைப்பு கரையணும்னு வேண்டிண்டேன். கோயில் குளம் வரைக்கும் இந்த வெயில்ல நடக்க முடியல. இங்கேயும் தண்ணி இருக்கு, மீன் இருக்கேன்னு..."

"எம்புட்டு வெல்லம், மாமி?"

"ரெண்டு அச்சு. பெரிசு."

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடைப்பு நல்லாவே கரைஞ்சிருச்சாம் மாமி, டாக்டர் சொன்னாரு. நீங்க அழுகாதீங்க. மாப்ள, அந்த டியூப எடு."

வெல்லம் கிருமிக்கு விருந்து, அது பெருகித் தண்ணீரில் இருக்கிற காற்றையெல்லாம் தின்றுவிடும் என்று விளக்கினார். தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை, மேல்பரப்பு அலையடிக்கும்படி மேலே தூக்கி வைக்கச் சொன்னார். பாதித் தண்ணீரை டியூபில் இழுத்து சாக்கடையில் விட வேண்டும், வேப்பமரத்தடியில் ஊற்றினால் மரம் பட்டுவிடும் என்றார். பிறகு வாசல் டிரம் தண்ணீரைச் செம்பு செம்பாக, மெதுவாக ஊற்ற வேண்டும். பாண்டி டிரம்மிலிருந்து குடத்தில் மொண்டு தூக்கி வந்தான். செல்வி ஊறிப்போன பொரியை வலையில் அள்ளினாள். மாமி மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு, அபிஷேகம் செய்கிற பக்தியோடு செம்பில் ஊற்றினார். அண்ணன் படுக்கையிலிருந்தே எல்லாரையும் வேலை வாங்கினார். இடையில் நர்ஸ் வந்து ஏதோ சொல்ல, கொஞ்சம் இரும்மா, இங்க ஒரு எமர்ஜென்சி என்று அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

மத்தியானம் போலத் தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. முதலில் ஒரு மீன் கீழே இறங்கியது. பின்னாலேயே அடுத்தது. மறுநாள் காலையில் பவளம் மெல்ல விரிந்தது. செல்வி சத்தமில்லாமல் அழுதாள். பாண்டி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். வீடியோ எடுத்து அனுப்பினேன். "நார்மல்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அன்றைக்கு அவருடைய பிரஷரும் நார்மல் என்று மதினி பிறகு சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் அண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆரத்தித் தட்டோடு நின்ற மாமியையும் தாண்டி நேராகத் தொட்டியிடம் போய்விட்டார். நெடுநேரம் பார்த்தார். எங்களுக்கு நல்ல திட்டு இருக்கிறது என்று வரிசையாக நின்றோம். அவரோ ஒரு தாளை எடுத்து, எழுதி, ரிப்போர்ட் ஒட்டும் இடத்தில் ஒட்டினார். திங்கள் மாமி, செவ்வாய் பாண்டி, புதன் செல்வி, வியாழன் மாப்ள. மற்ற நாட்கள் அவருக்கும் மதினிக்கும். ஆளுக்கு ஒரு சிட்டிகை.

பள்ளியில் ஆண்டு விழா வந்தாலும் சரி, உறவில் கல்யாணம் வந்தாலும் சரி, வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் அங்கே இருப்பேன். மீன் இரண்டும் தின்கின்றனவா என்று பார்ப்பேன். பின்னால் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும் அண்ணனின் நெஞ்சு சீராக ஏறி இறங்குகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.