நான் ஊதிய பச்சை விசில்

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்த காலம் எனக்கும் ஒன்று இருந்தது. அறுபத்து நான்கு வயது வரைக்கும் நீடித்த அந்தக் காலம், ஒரு புதன்கிழமை காலையில் முந்நூறு பிள்ளைகள் பார்த்திருக்க முடிந்துபோயிற்று.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். (சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.) ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பலேறி, ஹட் பே தீவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவன் நான். இன்றைக்கு மாயாபந்தர் வரைக்கும் நான் காங்கிரீட் போட்ட சுவர்கள் நிற்கின்றன. டெலானிபூர் மேட்டில் மாடி வீடு. கீழே ரோட்டில் போகிறவன் என் வீட்டை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

இந்தியும் பிரமாதமாகப் பேசுவேன். யாரிடமும் படிக்கவில்லை. ‘மாரோ’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாற்பது வருஷம் வேலை வாங்கியிருக்கிறேன். பிரஷ் மாரோ என்றால் பிரஷ் அடி. ஹதோடா மாரோ என்றால் சுத்தியல் அடி. நாம் எதற்கெடுத்தாலும் ‘அடி’ போடுகிறோமே, அதுதான் அவர்களுடைய மாரோ. இலக்கணம் முடிந்தது.

என் மகள் கயல்விழி இங்கே ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக டீச்சர். வருஷா வருஷம் பிரின்சிபால் மேடம் மனது வைத்தால்தான் வேலை. அந்த வருஷம் புகையிலை ஒழிப்பு நிகழ்ச்சியை இவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

“இது நல்லபடியா முடிஞ்சாத்தான்ப்பா அடுத்த வருஷம் வேலை” என்றாள். “பசங்க பைய சோதிச்சோம். ஒரே வேப்பா கெடைக்குது.”

“வேப்பங்குச்சியா? பல்லுக்கு நல்லதுதானே! அத எதுக்குப் புடுங்குறீங்க?”

கயல் தலையில் அடித்துக்கொண்டாள். அது என்ன வேப் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்க ஹட் பேயிலிருந்து ஒரு டாக்டர் வருவதாக இருந்தது. காலையில் பார்த்தால் கடல் சரியில்லை, கப்பல் கேன்சல். வேறு ஆள் தேடக் கயலுக்கு இருந்தது இரண்டு மணி நேரம். வீட்டில் வெள்ளைச் சட்டையோடு தயாராக இருந்தவன் நான் ஒருவன்தான். (நான் எப்போதும் தயாராகத்தான் இருப்பேன்.)

ஆட்டோவில் போகும்போது ஒரு தாளைக் கொடுத்தாள். இந்தி வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள்.

“ரெண்டே நிமிஷம்ப்பா. இதுல இருக்கிறத மட்டும் படிங்க. சொந்தமா ஒண்ணும் வேணாம், கெஞ்சிக் கேக்குறேன்.”

“யாருகிட்ட சொல்ற? நாப்பது பேர வச்சு வேல வாங்குனவன்ம்மா நான்.”

“அதான் பயமா இருக்கு.”

மேடையில் எனக்கு முன்னால் மேஜை. மேஜையில் ஒரு தட்டு. தட்டில் பச்சை, நீலம், ரோஸ் நிறங்களில் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னச் சாமான்கள். பிள்ளைகளுக்குப் பரிசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மைக்கைப் பிடித்ததும் கயல் கொடுத்த தாள் சட்டைப்பைக்குள் போய்விட்டது. முதல் வாக்கியத்திலேயே, “நான் ஜென்மத்தில் பீடியைத் தொட்டதில்லை” என்று இந்தியில் முழங்கினேன். (பொய். அதைப் பிறகு சொல்கிறேன்.) கைதட்டினார்கள். அது போதாதா எனக்கு?

தம் கட்டிப் படித்தால்தான் வாழ்க்கையில் முன்னேறலாம் என்று அடுத்துச் சொல்ல நினைத்தேன். ‘தம்’ இந்தியிலும் தம்தான். ‘கட்டு’வுக்குத்தான் சொல் அகப்படவில்லை. இருக்கவே இருக்கிறது நம்முடைய சொல்.

“பச்சோ! ஆகே ஜானா ஹை தோ, தம் மாரோ!”

அதாவது, பிள்ளைகளே, முன்னேற வேண்டுமானால் தம் அடியுங்கள்!

ஹால் வெடித்தது. நான் அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன். கையை உயர்த்தி இன்னொரு முறை, இன்னும் பலமாக, “தம் மாரோ!” என்றேன். பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். பிரின்சிபால் மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். திரை ஓரத்தில் கயல் கண்ணை மூடி நின்றாள்.

இரைச்சல் அடங்கவில்லை. சைட்டில் இப்படிச் சத்தம் வந்தால் விசில் அடித்துத்தான் அடக்குவேன். தட்டைப் பார்த்தேன். கிளிப்பச்சையில் ஒரு விசில். எடுத்து வாயில் வைத்து, ஊதுவதற்காக நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தேன்.

விசில் சத்தம் வரவில்லை. மாம்பழ வாசனைதான் வந்தது. தொண்டையில் தித்திப்பாக என்னவோ இறங்கியது. பிறகு என் வாய், மூக்கு இரண்டிலிருந்தும் வெள்ளைப் புகை கொதிக்கிற இட்லிச் சட்டிபோலக் கிளம்பி, மைக்கை மறைத்து, பின்னால் தொங்கிய ‘புகையை ஒழிப்போம்’ பேனர்வரை போயிற்று.

கடைசி வரிசையிலிருந்து ஒரு நெட்டைப் பையன் தன்னை மறந்து எழுந்து, “அங்கிள், வோ மேரா ஹை!” என்றான். அது அவனுடையதாம்; பையைச் சோதித்துப் பிடுங்கியதாகக் கயல் சொன்ன ‘வேப்’, அதாவது பேட்டரியில் புகை விடும் சிகரெட், இதுதான். (அவன் வாயில் இருந்தது. நான் இன்றுவரை இரண்டு தடவை பல் தேய்க்கிறேன்.)

நான் இருமியதில் மைக்கும் இருமியது. கயல் தண்ணீரோடு ஓடி வந்தாள். டம்ளரை என்னிடம் நீட்டியவளின் கண் பிரின்சிபால் மேடத்தின் மேல் இருந்தது. அவள் வேலையை நான் இரண்டு நிமிஷத்தில் ஊதித் தள்ளிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “அங்கிள், பெஹலி பார் ஹை க்யா?” முதல் தடவையா என்று கேட்கிறாள்.

ஆமாம் என்றிருக்கலாம். வாய் வரவில்லை. “நஹி” என்றேன்.

பிறகு எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். ஹட் பே தோட்டத்தில் எனக்குப் பதினைந்து வயது. பீடி குடிக்கிறவனுக்கு மேஸ்திரி ஐந்து நிமிஷம் உட்கார அனுமதி கொடுப்பார். குடிக்காதவன் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான் பீடி பழகியது உட்காருவதற்காக. உட்கார்ந்தவன் எழுந்திருக்க இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. கயலுக்கு ஒரு வயதானபோதுதான் விட்டேன். என் மகளே இதை அன்றைக்குத்தான், முந்நூறு பேரோடு சேர்ந்து, மைக்கில் கேட்டாள்.

முதலில் அந்தப் பெண்தான் பேசினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சீனியர்கள் இதைச் சுற்றி விடுவார்களாம்; வேண்டாம் என்றால் மறுநாள் யாரும் பேசமாட்டார்களாம். நெட்டைப் பையன், மிட்டாய் மாதிரிதான் இருந்தது, கெடுதல் என்றே தோன்றவில்லை என்றான். இன்னொருவன், அப்பாவுக்கு சிகரெட் வாங்கக் கடைக்குப் போய்ப் போய்த் தனக்கும் ஒன்று வாங்க ஆரம்பித்ததாகச் சொன்னான். கயல் என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனாள். பிரின்சிபால் மேடம் மறுபடி கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

முடிந்ததும் மேடம் கயலைக் கூப்பிட்டார். “அடுத்த வருஷமும் இத நீங்களே நடத்துங்க டீச்சர். சீஃப் கெஸ்ட்ட மட்டும் நான் பாத்துக்கறேன்.”

திரும்பும்போது கயல் முகத்தை ஆட்டோவுக்கு வெளியே திருப்பிக்கொண்டு வந்தாள். வீட்டு மேடு ஏறும்போது தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

“ஏம்ப்பா, மூச்ச இழுத்ததும் தெரியலையா?”

“விசில் ரிப்பேர்னு நெனச்சேன்ம்மா.”

அந்தத் தீபாவளிக்கு எனக்கு வேட்டி கிடைக்கவில்லை. சிவப்புக் கயிற்றில் கோத்த ஒரு இரும்பு விசில் கிடைத்தது, நிஜமான விசில். அது சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. நான் என் பெருமையை எடுத்தால் இரண்டு நிமிஷம்தான் அனுமதி. மீறினால் என் மனைவி பாக்கியம் அதை எடுத்து ஊதுவாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடமும் கொடுத்து ஊதச் சொல்வாள்.

இந்தக் கட்டுரையைக்கூட அந்த மேஜையில்தான் எழுதுகிறேன். இதெல்லாம் போகட்டும், ஒரு தடவை மாயாபந்தர் ஜெட்டியில் கடல் பொங்கி வந்தபோது நாற்பது பேரும் ஓடிவிட்டார்கள், நான் ஒற்றை ஆளாக நின்று—

சரி, சரி. ஊதிவிட்டாள்.