கதவிடுக்கில் ஒரு தூக்கு மூடி

கையில் ஸ்பேனர் இருக்கும் ஆம்பளையை வீட்டில் தனியாக விடக் கூடாது. இது என் மனைவி சுமதியின் கட்சி. அவளை அந்தக் கட்சியில் சேர்த்துவிட்டவன் நான்தான்.

ஒரகடத்தில் அசெம்பிளி லைனில் எனக்கு வேலை. இரண்டு பாகங்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் மெல்லிய தகடு ஒன்றைச் செருகுவோம், ஷிம் என்பார்கள். அதைச் செருகிச் செருகி, உலகத்தில் எந்தக் கோளாறையும் ஒரு தகட்டால் தீர்த்துவிடலாம் என்ற திமிர் வந்துவிட்டது. (தகட்டை நான் வெட்டியதே இல்லை. வெட்டி வரும், வைப்பேன். அவ்வளவுதான் என் ஞானம்.)

எங்கள் பழைய காரின் முன்பக்க இடது கதவு தொங்கிப்போயிருந்தது. மறுநாள் சேரப்பணஞ்சேரி மண்டபத்தில் மச்சினிக்கு நிச்சயதார்த்தம். "உன் வேலைய காட்டாத. பேசாம படப்பைல மெக்கானிக்கிட்ட வுட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு சுமதி ஷிஃப்டுக்குப் போனாள். நானாவது கேட்பதாவது!

பவுடர் டப்பாவை வெட்டிப் பார்த்தேன், மடங்கியது. பரணைத் துழாவியதில் எவர்சில்வர் மூடி ஒன்று கிடைத்தது. பாத்திரமே இல்லாத மூடி யாருக்கு வேண்டும்? தகரம் வெட்டும் கத்தரியால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டும், கூடவே கட்டைவிரலில் கொஞ்சமும் வெட்டிக்கொண்டு, துண்டைக் கீலுக்குப் பின்னால் செருகினேன். கதவு நிமிர்ந்தது. நானும்தான்.

மறுநாள் சுமதியும் மச்சினியும் முன்னாடியே வேனில் போய்விட்டார்கள். காரில் பின்சீட் முழுக்கச் சீர்த்தட்டு. எங்களோடு இருக்கும் மாமியாரை முன்சீட்டில் உட்காரவைத்து, கதவை இடுப்பால் முட்டி மூடினேன். மண்டப வாசலில் அது திறக்கவே இல்லை. சம்பந்தி வீட்டார் பன்னீர்ச் சொம்போடு நிற்க, அத்தை பட்டுப்புடவையோடு கியரைத் தாண்டி, ஹாரனை அலறவிட்டு என் பக்கமாக இறங்கினார்.

"இன்னா சார், மாமியாரை உள்ள வச்சு வெல்டிங் பண்ணிட்டீங்களா?" என்று சம்பந்தி வீட்டு மாமா ஒருவர் கதவை இழுத்தார். படாரென்று திறந்தது. தகடு நழுவி, அந்தப் பக்கம் சுற்றி வந்திருந்த அத்தையின் காலடியில் விழுந்தது.

எடுத்துப் பார்த்தார். புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து: 'பெருமா'. மிச்ச எழுத்து மூடியோடு வீட்டில் கிடந்தது.

பெருமாள் என் மாமனார். நான் மாப்பிள்ளையாவதற்கு முன்பே போய்விட்டார். அவர் ஷிஃப்டுக்குச் சோறு கொண்டுபோன தூக்கின் மூடி அது. தூக்கு தொலைந்த பிறகும் மூடியை அத்தை பத்திரமாக வைத்திருந்தார்.

"பொண்ணு நிச்சயத்துக்கு எப்படியோ வந்துட்டாரு" என்று சிரித்தபடியே தகட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"மூடியோட வச்சு ஒட்டிக் குடுத்துடறேன், அத்தே."

"வேணாம் மாப்ளே. அதுக்கு இன்னொரு மூடியைக் கிழிப்பீங்க."

இன்றும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், "ஷிம் மாப்பிள்ளை வராரு, பாத்திரத்தை உள்ள வைம்மா" என்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன், வேறென்ன செய்ய?

காரில் ஏறியதும் அத்தை மட்டும் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

"கெளம்பலாம் மாப்ளே. அவரும் ஏறிட்டாரு."